பாரன் தீவு: ஓர் எரிமலையின் வரலாறும் ஏடுகளின் மௌனமும்

வரலாறு எழுதப் புகுவோர் சான்றுகளைத் தேடிச் செல்வர். கல்வெட்டும் செப்பேடும், நாணயமும் பயணியர் குறிப்பும், இலக்கியமும் வழக்காறும் அவர்க்குத் துணை நிற்பன. இவற்றுள் ஒன்றேனும் கிடைக்காத இடத்தை ‘வரலாறு இல்லாத இடம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். மனிதர் எவரும் குடியிருந்திராத, கோயிலோ கோட்டையோ எழுந்திராத ஒரு சிறு தீவுக்கு வரலாறு உண்டா என்று கேட்டால், பலர் நகைக்கவே செய்வர். ஆயினும் அத்தகைய தீவொன்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். நம் நாட்டின் எல்லைக்குள், அந்தமான் கடலில், இன்றும் கனன்று கொண்டிருக்கும் பாரன் தீவே அது. இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை என்று சொல்லத் தக்கது இது ஒன்றே.

இத்தீவின் வரலாற்றை நாம் ஆராயும்போது, எரிமலையைப் பற்றி மட்டுமன்றி, வரலாற்றுச் சான்று என்பதன் தன்மையைப் பற்றியும் ஓர் உண்மையை உணர்கிறோம். அதனை முறையாகக் காண்போம்.

தீவின் அமைப்பு

அந்தமான் தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. அந்நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் பாரன் தீவு உள்ளது. வட்ட வடிவினதான இத்தீவின் குறுக்களவு ஏறத்தாழ 3 கி.மீ. மட்டுமே. அதன் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டரைச் சற்றே கடக்கிறது. நம் ஊர்ப்புறங்களில் இதனினும் உயர்ந்த குன்றுகள் பல உண்டு.

ஆனால் கண்ணுக்குத் தோன்றும் இவ்வளவும் மலையின் முடி மட்டுமே. அதன் அடிவாரம் கடற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2,250 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கடல் நீர் முழுவதும் வற்றிவிட்டதாகக் கற்பனை செய்தால், நீலகிரியின் தொட்டபெட்டாவோடு ஒப்பிடத்தக்க பெரிய மலையொன்று அங்கே தனித்து நிற்கக் காண்போம்.

தீவைச் சுற்றிலும் பழைய எரிமலையின் சுவர் வளையமாக நிற்கிறது. அச்சுவருக்குள்ளே ஏறத்தாழ 2 கி.மீ. அகலமுள்ள பெரும்பள்ளம் உள்ளது. முற்காலத்தில் நிகழ்ந்த பெருஞ்சீற்றத்தின்போது மலையின் நடுப்பகுதி சரிந்து வீழ்ந்தமையால் உண்டான பள்ளம் இது. இத்தகைய பள்ளத்தை நிலவியலார் கல்டேரா என்பர். அதன் நடுவே பிற்காலத்தில் எழுந்த கூம்பு வடிவான சிறு மலையே இப்போது புகைவது. சுற்றுச்சுவர் மேற்குப் பக்கத்தில் மட்டும் உடைந்து திறந்திருக்கிறது. உள்ளிருந்து வழியும் எரிகுழம்பு அவ்வாயில் வழியாகவே கடலை அடைகிறது. குதிரை லாடம் ஒன்றைத் தரையில் வைத்து அதன் நடுவே ஒரு மணற்குவியலை எழுப்பினால் எப்படியிருக்குமோ, அப்படியே இத்தீவு காட்சியளிக்கும்.

‘பாரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பாழ்’ அல்லது ‘விளைவற்றது’ என்பது பொருள். மேற்கு வாயிலின் வழியே உள்ளே நோக்குவோர்க்குக் கரிய எரிகுழம்புப் பாறையும் சாம்பலுமே தென்படுமாதலின் பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் சுவரின் வெளிச்சரிவுகளில் அடர்ந்த காடு உண்டு. புறாக்களும் வௌவால்களும் வாழ்கின்றன. 1891ஆம் ஆண்டில் போர்ட் பிளேரிலிருந்து வந்த அரசுக் கப்பல் ஒன்று சில வெள்ளாடுகளை இங்கே விட்டுச் சென்றது. அவற்றின் வழித்தோன்றல்கள் பல தலைமுறையாக இத்தீவில் வாழ்ந்து வந்துள்ளன.

நெருப்பு எங்கிருந்து வந்தது

அந்தமான் தீவுகளும் பாரன் தீவும் ஒரே கடலில் அடுத்தடுத்து இருப்பினும் பிறப்பால் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டை அறிந்தாலன்றி எரிமலையின் காரணம் விளங்காது.

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில செ.மீ. வீதம் நகர்ந்து கொண்டிருக்கிறது. நாம் வாழும் நிலத்தையும் வங்கக் கடலின் அடித்தளத்தையும் தாங்கும் இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே ஓர் ஆழ்ந்த கடற்பள்ளத்தில், கிழக்கிலுள்ள தட்டின் கீழே புகுந்து செல்கிறது. அவ்வாறு புகும்போது கடலடியில் படிந்திருந்த மண்ணும் மணலும் சுண்ணமும் இழைப்புளியால் சீவப்படும் மரத்தூள்போல் வழிக்கப்பட்டு மேலே குவிகின்றன. அக்குவியல் கடலுக்கு மேல் தலைகாட்டியதே அந்தமான், நிக்கோபார்த் தீவுத் தொடர். ஆதலின் அத்தீவுகள் பெரும்பாலும் படிவுப் பாறைகளால் ஆனவை. இடையிடையே பழங்கடலடியின் கரும்பாறைத் துண்டுகளும் அகப்பட்டுக் கிடக்கின்றன. பாராடாங் தீவில் பயணிகள் சென்று காணும் ‘சேற்று எரிமலை’யும் அழுத்தத்தால் வாயுவும் சேறும் வெளிப்படும் ஊற்றே, நெருப்போடு அதற்குத் தொடர்பில்லை.

கீழே புகுந்த தட்டு மேலும் கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அது ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது, அதன் பாறைகளுள் பிணைந்திருந்த நீர் வெப்பத்தால் வெளியேறி மேலுள்ள பாறையினுள் ஊடுருவுகிறது. நீர் கலந்த பாறை, கலவாத பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். இவ்வாறு உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையினும் அடர்த்தி குறைந்ததாதலின் பிளவுகளின் வழியே மேலேறி எரிமலையாக வெளிப்படுகிறது. நெருப்பை அணைப்பதென நாம் அறிந்த நீரே இங்கு நெருப்பு மலைக்குக் காரணமாகிறது என்பது வியப்புக்குரியதன்றோ!

இக்காரணத்தால் அந்தமான் தொடருக்குக் கிழக்கே, அதற்கு இணையாக, எரிமலைகளின் வரிசையொன்று அமைந்துள்ளது. தெற்கே சுமத்ராவின் எரிமலைகளும் வடக்கே மியன்மாரின் போப்பா மலையும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. அவற்றினிடையே பாரன் தீவும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் நார்கொண்டம் தீவும் நிற்கின்றன. 710 மீட்டர் உயரமுள்ள நார்கொண்டம் இப்போது அமைதியாக உள்ளது. உலகில் வேறெங்கும் காணப்படாத இருவாய்ச்சிப் பறவையினம் ஒன்றுக்கு அதுவே தாயகம். நார்கொண்டம் என்னும் பெயர் ‘நரக குண்டம்’ என்பதன் திரிபு என்றும், புகைந்து கொண்டிருந்த பாரன் தீவுக்குக் கடலோடிகள் இட்ட பெயரே வரைபடத்தில் இடம் மாறியிருக்கலாம் என்றும் ஊகித்தோர் உண்டு. ஊகம் ஊகமே எனினும், ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே இக்கடலில் நெருப்பைக் கண்டோர் இருந்திருத்தல் கூடும் என்னும் எண்ணத்தை அது எழுப்புகிறது.

ஏடுகளில் ஏறிய முதற்சீற்றங்கள்

பாரன் தீவைப் பற்றிய நூல்கள் அனைத்தும் அதன் சீற்ற வரலாற்றை 1787ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. அவ்வாண்டில் அவ்வழியே கப்பலில் சென்ற இராபர்ட் கோல்புரூக் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர், தீவின் உச்சியிலிருந்து புகை எழுவதைக் கண்டார். இவரே பின்னாளில் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். 1789 மார்ச்சில் ஆர்ச்சிபால்ட் பிளேர் தீவை அணுகியபோது மலை கடுஞ்சீற்றத்தில் இருந்தது. மூன்று, நான்கு டன் எடையுள்ள செந்நெருப்புப் பாறைகள் எறியப்பட்டன என்று அவர் குறித்தார். போர்ட் பிளேர் என்னும் பெயர் இவரால் வந்ததே. இவ்விருவர் குறிப்புகளும் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் 1795ஆம் ஆண்டில் அச்சேறின. அந்த 1795இலும் சீற்றம் நிகழ்ந்ததாக அறிகிறோம். பின்னர் 1803இல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மலை வெடித்துக் கரும்புகைத் தூணை எழுப்பியதாகக் கப்பல் வழிகாட்டி நூலாசிரியரான ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் எழுதினார்.

இப்பட்டியலைப் படிக்கும் ஒருவர், 1787க்கு முன் மலை உறங்கியது. பின்னர் 17 ஆண்டுகளுக்குள் நான்கு முறை சீறியது. அதன் பின் மீண்டும் அடங்கியது என்று முடிவு கட்டுவது இயல்பு. இம்முடிவை ஏற்குமுன் ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். 1787இல் விழித்தது மலையா, அன்றி அதைக் காணும் கண்களா?

விடை அக்காலத்து அரசியலில் உள்ளது. அந்தமானில் துறைமுகமும் குடியேற்றமும் அமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கருதியது அவ்வாண்டுகளிலேதான். 1788-89இல் பிளேர் அக்கடல்களை அளந்தார். 1789இல் முதற்குடியேற்றம் நிறுவப்பட்டது; நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் கைவிடப்பட்டது. அஃதாவது, எழுதத் தெரிந்தோரும் எழுதியதைக் காக்கத் தெரிந்தோரும் அக்கடலில் அடிக்கடி சென்று வந்த காலம் எதுவோ, அதுவே எரிமலையின் ‘சீற்றக் காலம்’ எனப் பதிவாயிற்று. நம் கையிலுள்ள சீற்றப் பட்டியல் எரிமலையின் வரலாறு மட்டுமன்று; அவ்வழியே சென்ற கப்பல்களின் வரலாறும் ஆகும்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடாரம் நோக்கிச் சென்றதை நாம் அறிவோம். அவன் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று நிக்கோபாரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ் வணிகர் அக்கடலைக் கடந்தனர். ஆயினும் கடல் நடுவே எரியும் மலை பற்றி அம்மெய்க்கீர்த்தி பேசவில்லை. இதனால் அன்று மலை எரியவில்லை என்று கொள்ளலாமா? கொள்ளுதல் தவறு. நிக்கோபார் வழியாகச் செல்லும் கலங்கள் பல நூறு கி.மீ. வடக்கேயுள்ள ஒரு சிறு தீவைக் காண வாய்ப்பில்லை. கண்டிருப்பினும் வென்ற நாடுகளைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தியில் வெல்ல முடியாத நெருப்புக்கு இடமில்லை. சான்றின் மௌனத்தை நிகழ்ச்சியின் இன்மையாகக் கொள்ளலாகாது என்பது வரலாற்று ஆய்வின் பாலபாடம். மன்னர் வரலாற்றில் நாம் மறவாத இப்பாடத்தை இயற்கையின் வரலாற்றில் எளிதில் மறந்துவிடுகிறோம்.

தணிந்து வந்த ஊற்று

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபின் பாரன் தீவுக்கு அறிஞர் பலர் சென்றனர். புகழ்பெற்ற செருமானிய வேதியியலறிஞர் லீபிக்கின் மகனான கியோர்க் ஃபான் லீபிக் 1850களின் இறுதியில் சென்றார். நில ஆய்வாளர் வாலன்டைன் பால் 1873இல் கண்டார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மாலெட் 1884இல் தீவை முறையாக ஆராய்ந்து மறு ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். இத்தீவைப் பற்றிய ஆய்வுக்கு நெடுங்காலம் அதுவே அடித்தளமாயிற்று.

இவர்கள் அனைவரும் கவனித்த ஒன்று, தீவில் இறங்குமிடத்தருகே கடலோரத்தில் ஊறும் வெந்நீரூற்று. லீபிக் கண்டபோது அது ஏறத்தாழக் கொதிநிலையில் இருந்தது. அடுத்தடுத்து வந்தோர் அதன் வெப்பம் படிப்படியாகக் குறைந்து வருவதை அளந்து எழுதினர். மாலெட் காலத்தில் அது வெகுவாகத் தணிந்திருந்தது. ஊற்று ஆறுகிறது, உச்சியில் ஆவியும் கந்தகமும் மட்டும் கசிகின்றன, ஆதலின் மலையும் ஆறிக்கொண்டிருக்கிறது என்று கருத இடமேற்பட்டது. 1852ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் சீற்றம் ஒன்றையும் கணக்கில் சேர்த்தால், அதன் பின் ஏறத்தாழ 140 ஆண்டுகள் குறிப்பிடத்தக்க சீற்றம் எதுவும் பதிவாகவில்லை. மூன்று நான்கு தலைமுறைகள் இத்தீவை ‘உறங்கும் எரிமலை’ என்றே படித்து வளர்ந்தன.

அறிஞர்கள் அளந்ததில் பிழையில்லை. ஊற்று உண்மையாகவே தணிந்தது. ஆனால் ஊற்றின் வெப்பம் தரையின் மேற்பகுதியில் எஞ்சிய சூட்டை மட்டுமே காட்டும். பல கி.மீ. ஆழத்தில் புதிய குழம்பு சேர்வதை அது முன்கூட்டிச் சொல்ல வல்லதன்று. நூறாண்டு என்பது மனிதர்க்கு நீண்ட காலம். மலைக்கு அது ஒரு மூச்சு.

1991ம் அதற்குப் பின்னும்

1991 மார்ச் இறுதியில் மலை மீண்டும் வெடித்தது. பல மாதங்கள் நீடித்த அச்சீற்றத்தில் சாம்பலும் பாறைகளும் எறியப்பட்டன. கூம்பின் உச்சி உருமாறியது. எரிகுழம்பு மேற்கு வாயில் வழியே ஓடிக் கடலை அடைந்து பெரும் ஆவி மண்டலத்தை எழுப்பியது. 1993இல் அங்கே சென்ற உயிரியல் ஆய்வாளர்கள், முன்பு அறியப்பட்ட 16 பறவையினங்களுள் ஆறினை மட்டுமே கண்டனர். வெள்ளாடுகள் மட்டும் முற்றும் அழியாது தப்பின.

1994 டிசம்பரில் தொடங்கி மறு ஆண்டின் நடுப்பகுதி வரை இன்னொரு சீற்றம். 2005 மே மாத இறுதியில் வேறொன்று. அதன் பின் இடைவெளி விட்டும் விடாமலும் செயற்பாடு தொடர்ந்து வந்துள்ளது. 2017 சனவரி 23ஆம் நாள் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆய்வுக் கப்பலிலிருந்து இதனை நேரிற் கண்டனர். பகலில் சாம்பற்புகையாக மட்டும் தோன்றியது, கதிரவன் மறைந்ததும் செந்நெருப்பு ஊற்றாகவும் சரிவில் வழியும் குழம்பாகவும் தெரிந்தது என்று அவர்கள் தெரிவித்தனர். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் பதிவாயின.

அண்மைக் காலத்தில் இத்தனை சீற்றங்கள் பட்டியலில் சேர்ந்தமைக்கு மலையின் விழிப்பு ஒரு காரணம்; வானிலிருந்து நோக்கும் செயற்கைக்கோள்கள் மற்றொரு காரணம். ஆளற்ற தீவில் இரவில் எழும் சிறு வெப்பமும் இப்போது பதிவாகிறது. 1787இல் கப்பல்கள் ஆற்றிய பணியை இன்று செயற்கைக்கோள்கள் ஆற்றுகின்றன. கண்கள் பெருகினால் நிகழ்ச்சிகளும் பெருகியதாகத் தோன்றும்.

கடலடி எழுதிவைத்த ஏடு

மனிதர் எழுதாத வரலாற்றை மலையே எழுதி வைத்திருக்கிறது. எரிமலை எறியும் சாம்பல் காற்றில் பரவிக் கடலில் விழுந்து அடித்தளத்தில் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் மேல் ஆண்டுதோறும் கடற்சேறும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் சேர்கின்றன. அடுத்த பெருஞ்சீற்றத்தில் இன்னொரு சாம்பற்படலம். இவ்வாறு அடுக்கடுக்காக அமைந்த படிவை நீண்ட குழாயால் துளைத்தெடுத்து நோக்கினால், ஓலைச்சுவடியைப் புரட்டுவது போலவே காலத்தைப் படிக்கலாம். ஓடுகளிலுள்ள கரிமத்தைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணிக்கலாம்.

தீவுக்குத் தென்கிழக்கே 32 கி.மீ. தொலைவில் எடுக்கப்பட்ட அத்தகைய படிவுத் தண்டை இந்திய அறிவியலார் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். கடந்த 72,000 ஆண்டுகளில் பாரன் தீவு பலமுறை பெருஞ்சீற்றங்கொண்டு சாம்பலைப் பொழிந்தமைக்கு அதில் சான்று கிடைத்தது. தீவின் பாறைகளையே ஆர்கான் முறையால் காலங்கணித்தபோது, கடலுக்கு மேல் தலைகாட்டிய பழைய எரிகுழம்புப் பாறைகள் ஏறத்தாழ 16 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையன என்று தெரியவந்தது.

எழுதப்பட்ட வரலாறு 240 ஆண்டுகளுக்கும் குறைவு; கல்லும் சேறும் கூறும் வரலாறு 16 இலட்சம் ஆண்டு. பெரும்புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தின் கடைசிச் சொல்லை மட்டும் படித்துவிட்டுக் கதை முழுவதையும் அறிந்ததாக நாம் நினைத்திருந்தோம் என்பதே இதன் பொருள்.

நம் கரைக்கு வந்த பாடம்

தொலைவிலுள்ள ஆளற்ற தீவின் செய்தி நமக்கென்ன என்று அன்பர் சிலர் கருதக்கூடும். பாரன் தீவுக்கு நெருப்பூட்டும் அதே தட்டு இறக்கமே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கரைக்குக் கடலை ஏவியது என்பதை நினைவூட்ட விழைகிறோம்.

கீழே புகும் தட்டு எப்போதும் வழுக்கிச் செல்வதில்லை. சில இடங்களில் மேல்தட்டோடு சிக்கிக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தத்தைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் திடீரென விடுபடுகிறது. அன்று காலை சுமத்ரா தொடங்கி அந்தமானின் வடபகுதி வரை 1,200 கி.மீ.க்கும் மேற்பட்ட நீளம் அவ்வாறு விடுபட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. பெரிய நிக்கோபாரின் தென்முனை 4 மீட்டரளவு தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப் பாறைகள் வெளித்தெரிந்தன. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அளவில் அலைகள் தமிழகக் கரையை எட்டின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஐந்து திங்கள் கழித்துப் பாரன் தீவு சீறியது. நிலநடுக்கமே மலையை எழுப்பியது என்று பலர் பேசினர். ஆயின் 1991இலும் 1994இலும் அதே மலை நிலநடுக்கத்துக்கு முன்னரே சீறியுள்ளது. ஆதலின் இரண்டும் ஒரே வேரிலிருந்து எழுந்த இரு கிளைகள் என்று கொள்வதே பொருந்தும். ஒன்றை மற்றொன்றின் காரணமாக உறுதிப்படுத்த இயலாது.

‘எம் பாட்டன் காலத்திலும் இப்படிக் கடல் வந்ததில்லை’ என்பது அன்று நம் கடற்கரை ஊர்களில் எழுந்த குரல். அக்கூற்று உண்மையே. ஆனால் பாட்டன் நினைவு எட்டும் தூரம் மிகச் சிறிது. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபார்ப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலைகளை நாகப்பட்டினத்து அலைமானி பதிவு செய்துள்ளது. அவை சிறியனவாதலின் மக்கள் நினைவில் நிற்கவில்லை. தாய்லாந்தின் கடலோரச் சதுப்பில் தோண்டிய அறிவியலார், 2004இன் மணற்படலத்துக்குக் கீழே அதனையொத்த பழைய படலங்களைக் கண்டனர். அவற்றுள் அண்மையது ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடல் முன்பும் வந்திருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆளில்லை; எழுதியதைப் படிக்கவும் ஆளில்லை.

நினைவு உயிர் காத்த இடமும் உண்டு. சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமலூ என்னும் தீவு, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்தது. 1907இல் அத்தீவில் ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. அந்நிகழ்ச்சியை அம்மக்கள் ‘ஸ்மோங்’ என்னும் சொல்லாலும், தாலாட்டாலும் கதையாலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்: நிலம் நடுங்கிய பின் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் அலைக்கு இரையானோர் எழுவர் என்பர். எந்தக் கருவியும் தராத எச்சரிக்கையைப் பாட்டிமார் தந்தனர்.

குடிபெயர்ந்தோர்க்கு ஒரு சொல்

பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் தனியாகக் கருத வேண்டிய ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சல் தீவில் இரப்பர்த் தோட்டப் பணிக்குக் குடியமர்த்தப்பட்டனர். 2004இல் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் கச்சலும் ஒன்று. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தோர்க்குத் தேயிலையும் மழையும் மண்சரிவும் தெரிந்திருக்கும். அக்கடலின் பழக்கம் தெரிந்திருக்க வழியேது? அவர்தம் குற்றமன்று. குடிபெயர்ந்தோர் தம் ஊரின் நினைவுகளைச் சுமந்து வருகின்றனர். வந்து சேர்ந்த மண்ணின் நினைவு அவர்களிடம் இருப்பதில்லை.

நாம் நம் பிள்ளைகளுக்குக் காவிரியையும் வைகையையும் சொல்லிக் கொடுக்கிறோம், அது கடமை. அவர்கள் பிறந்து வளரும் ஊரின் ஆறு எக்காலத்தில் கரை மீறியது, நிலம் எப்போது நடுங்கியது, கடல் எதுவரை ஏறியது என்பதையும் சொல்லிக் கொடுத்தல் அதே அளவு கடமை. அந்தமானில் வாழும் தமிழர்க்கு 1941 சூன் 26ஆம் நாளின் நிலநடுக்கம் தெரிந்திருக்க வேண்டும். குசராத்தில் வாழ்வோர்க்குக் கட்ச் நிலநடுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவ்வூர் முதியோரைக் கேட்டு, அவர் மொழியிலிருந்து நம் மொழிக்குக் கொணர்ந்து, சங்க மலர்களிலேனும் பதிந்து வைத்தல் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத் தக்க பணியாகும்.

2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நடுவம் இயங்கி வருகிறது; பாரன் தீவைச் செயற்கைக்கோள்கள் நோக்குகின்றன. இவை பெரும்பேறு. எனினும் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது அதன் பொருளை உணர்ந்து எழுந்து ஓடவேண்டியவர் வீட்டிலிருப்போரே. பொருளை உணர்த்துவது முன்பு நிகழ்ந்ததைப் பற்றிய அறிவு. அவ்வறிவை ஊட்டுவதே வரலாற்றின் பயன். ஆளற்ற பாரன் தீவின் வரலாற்றை இம்மலரில் நாம் எழுதியதும் அப்பயன் கருதியே.